அடிக்கு எவ்வளவு

லத்தேரி கல்யாண மண்டபத்தில்
மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு
கம்பெனி அதிகாரி பேசினார்.
பின்னால் தெர்மாகோல் எழுத்தில்
போன முகூர்த்தத்து ஜோடியின் பெயர், பாதி உதிர்ந்து.

நிலம் உங்களுடையதே.
பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும்.
அடியில் ஒரு குழாய் போகும், எரிவாயு, அவ்வளவுதான்.
மேலே வேர்க்கடலை போட்டுக்கொள்ளலாம்.
தென்னை கூடாது. மா கூடாது.
கிணறு, கொட்டகை, கோழிக்கூண்டுக்குச் சுவர்கூட.
அகலம் இருபது மீட்டர், ஆழம் ஐந்தடி,
வழிகாட்டி மதிப்பில் பத்தில் ஒரு பங்கு.
ஆளுக்கொரு கலர் சோடா.

கஸ்தூரி மட்டும்தான் பாரத்தை முழுக்கப் படித்தவள்.
"காலவரையின்றின்னா எத்தினி வருஷம் சார்?"
"அது சட்ட வார்த்தைம்மா."
"சட்டத்துக்கு எண்ணத் தெரியாதா?"
சோடா பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே வந்ததும் ஒரே தீர்மானம்:
யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை.
தேசிங்கு வண்டி டேங்க்கில் அடித்துச் சத்தியம் செய்தான்.
ராத்திரி எட்டு மணிக்கு
அவன் போன் பிஸி.
என்னுடையதும்தான்.

மறுவாரம், மஞ்சள் கொடி நட்ட வழியெங்கும்
தென்னங்கன்றுகள்.
மரத்துக்குத் தனி இழப்பீடு என்று
பாரத்தில் ஒரு கட்டம் இருந்ததே.
சக்கரபாணி குடியாத்தம் நர்சரியிலிருந்து நாற்பது இறக்கி
பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் புதைத்திருந்தார்.
அளக்க வந்த பையன் ஒன்றைப் பிடித்துத் தூக்கினான்.
பையோடு வந்தது.
அவனே திரும்ப வைத்து, காலால் மண்ணைத் தள்ளி,
இருபது என்று எழுதிக்கொண்டான்.
இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

என் நிலம் அறுபத்திரண்டு சென்ட்.
கன்று வாங்கக் கையில் காசில்லை.
ஒரு ரசீது மட்டும் வைத்திருந்தேன், மடிப்பில் கிழிந்தது.

"அஞ்சடின்னு சொல்றீங்க சார்.
கீழ போகப் போக இன்னா விலை தெரியுமா?
மொத முந்நூறு அடி, அடிக்குத் தொண்ணூறு.
அதுக்கப்புறம் நூறடிக்கு ஒருவாட்டி பத்து ரூபா ஏறும்.
கேசிங் தனி. வண்டிக்காரங்க பிரியாணி தனி.
ஆயிரத்து நாப்பது அடி.
ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறு.
வந்தது வெள்ளப் புழுதி.
மேல இருக்கறது எங்கப்பா கொடுத்தது,
அதுக்கு நீங்க சொல்ற விலைக்கு
நான் ஒண்ணும் சொல்லல.
கீழ இருக்கறது
நானா அடி அடியா வாங்கினது."

அவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மரம். கிணறு. கட்டடம். நிற்கும் பயிர்.
காய்ந்த போருக்குக் கட்டம் இல்லை.
"காட்டுங்க" என்றார்.

மூடியைக் கழற்றி ஒரு கூழாங்கல்லை விட்டேன்.
குனிந்தார். அடையாள அட்டை குழாய்க்குள் தொங்கியது.
கல் இடித்துக்கொண்டே போனது,
ஒரு பக்கம், மறுபக்கம், மெல்ல,
அப்புறம் இடிக்கவில்லை.
அவர் நிமிரவில்லை.
எனக்கே சந்தேகம் வந்து நானும் குனிந்தேன்.
இரண்டு தலை, ஆறரை அங்குல ஓட்டை.
ஒரு சூடான காற்று, அரிசி மூட்டை வாசனை மாதிரி.

"தண்ணியே இல்லையா?"
"இருந்தா இந்த விலைக்குக் கேப்பீங்களா?"

'இதர' என்ற கட்டத்தில்
ஆழ்துளைக் கிணறு ஒன்று, வறண்டது, என்று எழுதினார்.
தொகைக்கான இடத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டார்.
ஒரு புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது.

அந்தப் புள்ளிக்கு முன்னால் என்ன வருமென்று
திங்கட்கிழமை காட்பாடி ஆபீசில் சொல்வார்களாம்.
அதற்குள் தேசிங்குக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று
எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும்.
புது டயர் போட்டிருக்கிறான், இரண்டும்.